உங்கள் டொமைன் பெயரில் வேறு ஆட்கள் மின்னஞ்சல் அனுப்பாமல் தடுப்பது எப்படி?

மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இயங்கும் ஒரு பழைய மாணவர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள்தான் கூடுதலாகக் காசு அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் சங்கத்துக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரிதான். ஒருநாள் அதே முகவரியிலிருந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த இலக்கத்துக்குப் போடுங்கள்" என்று ஒரு கடிதம் போகிறது. சங்கத்தில் ஒருவரும் அதை எழுதவில்லை. யாருடைய கடவுச்சொல்லும் களவு போகவில்லை. எங்கோ இருக்கும் ஒருவர், அனுப்புநர் என்ற இடத்தில் சங்கத்தின் முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த வேலை.

இதைத் தடுக்கலாம், செலவும் இல்லை. பாடசாலைக் கட்டடம், கோயில் திருப்பணி, பெண்கள் கூட்டுறவு, மன்னாரிலிருந்து கடலுணவு அனுப்பும் சிறு நிறுவனம் என்று வன்னியில் கனக்க விஷயங்கள் தூரத்தில் இருப்பவர்களின் நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. அந்த நம்பிக்கை ஒரு பொய்க் கடிதத்தால் உடைவதை நாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கத் தேவையில்லை. சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இணையத்தளமும் மின்னஞ்சலும் வைத்திருந்தும் டிஎன்எஸ் பக்கத்தை (டொமைனின் இணையத்தளம், மின்னஞ்சல் விவரங்களை உலகத்துக்குச் சொல்லும் பதிவேடு) ஒருநாளும் திறந்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்குவதற்கு ஒரு பின்னேரம் போதும். முழுதாக முடிக்க இரண்டொரு மாதம் பொறுமை வேண்டும். வெறும் ஜிமெயில் முகவரி மட்டும் பாவிக்கிறவர்களுக்கு இந்த வேலை இல்லை. அந்த டொமைனின் பதிவுகளைக் கவனிப்பது கூகுளின் பொறுப்பு.

பொய் முகவரி எப்படிச் சாத்தியமாகிறது

மின்னஞ்சல் சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் எஸ்எம்டிபி முறையை ஜோன் பொஸ்டல் என்ற கணினி விஞ்ஞானி 1982இல் எழுதி வெளியிட்டார். அப்போது இணைப்பில் இருந்தவை கொஞ்சக் கணினிகள்தான். அனுப்புகிறவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பினார்கள். இன்றும் அந்த முறைக்குள் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் ஏற்பாடு கிடையாது. அதனால் பிற்காலத்தில் மூன்று ஏற்பாடுகளை வெளியிலிருந்து சேர்த்தார்கள்: எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். மூன்றும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் நீங்கள் எழுதி வைக்கும் சில வரிகள். கடிதத்தைப் பெறும் சேர்வர் அந்த வரிகளை வாசித்து முடிவெடுக்கிறது.

எஸ்பிஎஃப் ஒரு பட்டியல். "எங்கள் டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப இந்தச் சேர்வர்களுக்கு மட்டும் அனுமதி" என்று அது சொல்கிறது. இதில் பலருக்கும் தெரியாத ஓர் ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் வரும். ஒன்று சேர்வர்களுக்கிடையில் மட்டும் பேசப்படுவது. கடிதம் போய்ச் சேராவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி அது. மற்றது வாசிப்பவரின் திரையில் தெரிவது. எஸ்பிஎஃப் பார்ப்பது முதலாவதை மட்டும். மோசடிக்காரர் முதலாவது இடத்தில் தன் சொந்த டொமைனைப் போட்டு, திரையில் தெரியும் இடத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் எஸ்பிஎஃப் சோதனை அழகாகத் தேறிவிடும். ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தெரிவதோ உங்கள் முகவரி. "எஸ்பிஎஃப் போட்டாச்சு, இனிப் பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

டிகிம் வேறு வழியில் போகிறது. ஜீ.எஸ். (கிராம சேவகர்) தந்த கடிதத்தை வங்கியில் கொடுத்தால் அங்கே கடிதத் தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, அடியில் உள்ள முத்திரையையும் பார்ப்பார்கள். டிகிம் அப்படியான ஒரு முத்திரை. உங்கள் சேர்வர் தன்னிடம் மட்டும் இருக்கும் இரகசியச் சாவியால் ஒவ்வொரு கடிதத்திலும் கையொப்பமிடும். அதற்குச் சோடியான பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். பெறும் சேர்வர் இரண்டையும் பொருத்திப் பார்க்கிறது. வழியில் யாராவது கடிதத்தில் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது.

டிமார்க்தான் இவை இரண்டையும் திரையில் தெரியும் முகவரியோடு கட்டிப்போடுகிறது. எஸ்பிஎஃப் அல்லது டிகிம், இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும். தேறிய டொமைனும் திரையில் தெரியும் டொமைனும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம். மேலே சொன்ன ஓட்டை இங்கேதான் அடைபடுகிறது.

முதலில் தேட வேண்டியது: உங்கள் டிஎன்எஸ் எங்கே இருக்கிறது?

எனக்குத் தெரிந்து புதியவர்கள் அதிகம் சிக்குவது இந்த இடத்தில்தான். டொமைனை ஓரிடத்தில் வாங்கியிருப்பார்கள். எல்கே என்று முடிவதாக இருந்தால் அது எல்கே டொமைன் பதிவகத்தில் பதிவாகியிருக்கும். ஹோஸ்டிங் இன்னோர் இடத்தில். இடையில் இணையத்தளம் செய்து கொடுத்த பிள்ளை நேம்சேர்வரை (டிஎன்எஸ் வரிகளை வைத்திருக்கும் சேர்வர்) கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனத்துக்கு மாற்றி வைத்திருப்பார். அப்படியானால் ஹோஸ்டிங்கைக் கையாளும் சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் எத்தனை வரி எழுதினாலும் உலகத்துக்கு அது தெரியாது. கிளவுட்ஃபிளேரில் எழுதுவது மட்டுமே செல்லும். ஆகவே டொமைன் வாங்கிய கணக்குக்குள் போய், நேம்சேர்வர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வடிவாகப் பாருங்கள். அங்கே இருப்பவரிடம்தான் இனி வேலை.

இந்த உள்நுழைவுகளைக் கொமினிகேஷன் கடைக் கணினியில் செய்யாதீர்கள். கணினி இல்லாவிட்டால் தெரிந்தவரின் மடிக்கணினியில், வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவது நல்லது.

உங்கள் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். ஹோஸ்டிங் சேர்வர். கூகுள் வேர்க்ஸ்பேஸ் அல்லது ஸோஹோ மெயில் பாவித்தால் அது. மாதாந்தச் செய்திமடல் அனுப்பும் மெயில்சிம்ப் போன்ற சேவை. நன்கொடை வாங்கும் பக்கம் தானாக அனுப்பும் நன்றிக் கடிதம். பற்றுச்சீட்டு அனுப்பும் கணக்கு மென்பொருள். இந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டால் பிறகு அந்தக் கடிதங்கள்தான் தொலையும். செயலாளரிடம் மட்டும் கேட்காமல் பொருளாளரிடமும் கேளுங்கள். பற்றுச்சீட்டு எங்கிருந்து போகிறது என்பது பெரும்பாலும் அவருக்குத்தான் தெரியும்.

எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் போடுதல்

சிபேனல் உள்ள ஹோஸ்டிங் என்றால் மின்னஞ்சல் பகுதியில் "ஈமெயில் டெலிவரபிலிட்டி" என்று ஒரு பக்கம் இருக்கும். திறந்தால் உங்கள் டொமைன்களும், ஒவ்வொன்றிலும் சிக்கல் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். சிக்கல் இருந்தால் "ரிப்பேர்" பொத்தானை அழுத்தலாம். டிஎன்எஸ்ஸும் அதே சேர்வரில் இருந்தால் அது தானே எழுதிவிடும். வேறிடத்தில் இருந்தால் எழுத வேண்டிய வரிகளைக் காட்டும். அவற்றைப் பிரதி எடுத்துக் கிளவுட்ஃபிளேரிலோ வேறிடத்திலோ டிஎக்ஸ்டி (TXT) வகைப் பதிவாக ஒட்டுங்கள். அதே பக்கத்தில் பிடிஆர் என்று ஒரு குறை காட்டினால் அது ஹோஸ்டிங் நிறுவனம் திருத்த வேண்டியது, அவர்களுக்கு எழுதுங்கள்.

இனி வரும் வரிகளை வாசிக்க வசதியாகத் தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் செய்ய வேண்டும்.

எஸ்பிஎஃப் பதிவு "வி=எஸ்பிஎஃப்1" (v=spf1) என்று தொடங்கும். நடுவில் அனுமதி பெற்ற சேர்வர்கள் வரும். வெளிச் சேவை ஒவ்வொன்றும் "இன்க்ளூட்" என்ற சொல்லோடு ஒரு துண்டு தரும். அந்தந்தச் சேவையின் உதவிப் பக்கத்திலிருந்து அதை எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் "ஆல்" என்ற சொல் வரும். அதற்கு முன்னால் ~ குறி இருந்தால் "பட்டியலில் இல்லாதவர் சந்தேகத்துக்குரியவர்" என்று அர்த்தம். - குறி இருந்தால் "பட்டியலில் இல்லாதவருக்கு அனுமதியே இல்லை". தொடக்கத்தில் ~ போடுங்கள். + குறியை மட்டும் "ஆல்" முன்னால் ஒருபோதும் போடாதீர்கள். அது உலகில் உள்ள எல்லோருக்கும் உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி கொடுப்பது.

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்கின் பதிவு ஏற்கனவே இருக்க, ஸோஹோவின் பதிவைப் புதிதாக இன்னொன்றாகச் சேர்த்தால் இரண்டும் செல்லாமல் போகும். இரண்டையும் ஒரே வரிக்குள் கலக்க வேண்டும்: ஒரு தொடக்கம், நடுவில் இரண்டு பேரின் துண்டுகளும், ஒரு முடிவு. இன்னொரு எல்லையும் உண்டு. இந்த வரியைச் சரிபார்க்கப் பெறும் சேர்வர் செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. இன்க்ளூட் ஒவ்வொன்றும் ஒரு தேடல். அதற்குள் இருக்கும் இன்க்ளூட்களும் கணக்கில் சேரும். பழைய சேவைகளை வரியிலிருந்து கழற்றி எறிவது இதனால்தான் முக்கியம்.

டிகிம்மில் நீங்கள் எழுத ஒன்றுமில்லை, ஒட்ட மட்டும்தான். ஒவ்வொரு அனுப்பும் சேவையும் தனக்கான சாவியைத் தரும், அவை பல இருக்கலாம். எஸ்பிஎஃப் போல ஒன்றுதான் என்ற கட்டுப்பாடு இல்லை. 2048 பிட் சாவியைத் தெரிவு செய்யுங்கள். அது நீளமானது, ஒரு டிஎக்ஸ்டி துண்டு 255 எழுத்தைத் தாண்ட முடியாது என்பதால் சில பலகைகளில் அதை இரண்டு துண்டாக்கி ஒட்ட வேண்டியிருக்கும். பெயர் எழுதும் கட்டத்தில் கவனம்: பல பலகைகள் உங்கள் டொமைன் பெயரைத் தாமே கடைசியில் சேர்த்துவிடும். நீங்களும் முழுப் பெயரை ஒட்டினால் டொமைன் இரண்டு தரம் வந்து, சாவி இருக்கிற இடம் யாருக்கும் தெரியாமல் போகும்.

மாற்றம் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டாம். சிபேனலில் வழமையாக ஒரு பதிவு 14400 வினாடி, அதாவது 4 மணித்தியாலம் மற்றச் சேர்வர்களின் நினைவில் வைக்கப்படும்.

சரி, வேலை செய்கிறதா?

சங்க முகவரியிலிருந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதைக் கணினி உலாவியில் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். கைத்தொலைபேசிச் செயலியில் இதைத் தேடி மினக்கெட வேண்டாம். திறக்கும் பக்கத்தின் மேலே ஒரு சிறு அட்டவணை இருக்கும். எஸ்பிஎஃப் வரியில் "பாஸ்", பக்கத்தில் அனுப்பிய சேர்வரின் ஐபி இலக்கம் (இணையத்தில் அந்தச் சேர்வரின் முகவரி எண்). டிகிம் வரியில் "பாஸ்", பக்கத்தில் கையொப்பமிட்ட டொமைன். இந்த டொமைன் பெயரை வடிவாக வாசியுங்கள். அங்கே உங்கள் டொமைனுக்குப் பதிலாக ஹோஸ்டிங் நிறுவனத்தின் பெயரோ செய்திமடல் சேவையின் பெயரோ இருந்தால், பாஸ் என்று இருந்தாலும் டிமார்க்குக்கு அது உதவாது. அந்தச் சேவைக்குள் போய் உங்கள் டொமைனுக்கான டிகிம்மை இயக்க வேண்டும்.

தாளில் எழுதிய ஒவ்வொரு அனுப்புநருக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

இணையத்தளத்தில் உள்ள "தொடர்பு கொள்ள" படிவத்தை நான் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் வேர்ட்பிரஸ் தளங்களில் இது அடிக்கடி பிழையாக இருக்கும். ஒருவர் படிவத்தில் தன் யாஹூ முகவரியைக் கொடுத்துச் செய்தி எழுதுகிறார். படிவம் அந்த யாஹூ முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்களுக்கு அனுப்புகிறது. யோசித்துப் பாருங்கள்: உங்கள் இணையத்தளமே இன்னொருவரின் முகவரியைப் போலியாகப் பாவிக்கிறது. யாஹூ 2014ஆம் ஆண்டிலேயே தன் டொமைனுக்குக் கடுமையான டிமார்க் போட்டுவிட்டதால் அந்தக் கடிதம் உங்கள் பெட்டிக்கு வராமலே போகலாம். படிவத்தின் அமைப்பில் அனுப்புநராக உங்கள் சொந்த டொமைன் முகவரியையும், "ரிப்ளை டு" என்ற இடத்தில் படிவம் நிரப்பியவரின் முகவரியையும் வையுங்கள். கூடவே ஒரு எஸ்எம்டிபி செருகுநிரல் போட்டு, முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்து முறையாக அனுப்ப வையுங்கள்.

டிமார்க்: அவசரப்படாமல், ஆனால் பாதியில் நிற்காமல்

"அடிக்கோடு டிமார்க்" (_dmarc) என்ற பெயரில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு போட வேண்டும். உள்ளே "வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யுஏ=மெயில்டு:" (v=DMARC1; p=none; rua=mailto:) என்று எழுதி, அதன் பின்னால் அறிக்கை வர வேண்டிய முகவரி. இதில் டிமார்க் என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அறிக்கைக்காக உங்கள் அதே டொமைனில் தனியாக ஒரு பெட்டி திறவுங்கள். ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் அறிக்கை வராது. வேறொரு டொமைனுக்கு அறிக்கை அனுப்ப அந்த டொமைனின் டிஎன்எஸ்ஸில் சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும், ஜிமெயில் உங்களுக்காக அதைச் செய்யப் போவதில்லை.

"நன்" என்றால் ஒன்றும் தடுக்காதே, பார்த்து எனக்குச் சொல் என்று அர்த்தம். ஒன்றிரண்டு நாளில் கூகுள் போன்றவற்றிடமிருந்து சுருக்கிய கோப்பு இணைப்போடு அறிக்கைகள் வரத் தொடங்கும். உள்ளே எக்ஸ்எம்எல் வடிவம். முதலில் பார்க்க மிரட்டும். ஒவ்வொரு பகுதியிலும் தேட வேண்டியது நான்கே விஷயம்: எந்த ஐபியிலிருந்து வந்தது, எத்தனை கடிதம், டிகிம் தேறியதா, எஸ்பிஎஃப் தேறியதா. இரண்டும் தேறாத ஐபி ஒன்றைக் கண்டால் அது யாருடையது என்று இணையத்தில் தேடுங்கள். உங்கள் பட்டியலில் விடுபட்ட நன்கொடைச் சேவையாக இருந்தால் திருத்துங்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டில் உள்ள சேர்வர் என்றால், யாரோ உங்கள் பெயரைப் பாவிக்கிறார்கள் என்பதை இப்போதுதான் நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள்.

அறிக்கையில் இன்னொரு வகை தெரியும். உங்கள் கடிதத்தைப் பெறும் ஒருவர் தன் முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார், கனபேர் அப்படித்தான். திருப்பிவிடும்போது அனுப்பும் சேர்வர் மாறுவதால் எஸ்பிஎஃப் தோற்கும். கடிதம் மாறாமல் போனால் டிகிம் தேறும், ஒன்று தேறினால் போதும். இதற்காகத்தான் எஸ்பிஎஃப் மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது என்று அடித்துச் சொல்கிறேன்.

சில கிழமைகள் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் சொந்தக் கடிதங்கள் எல்லாம் தேறுகின்றன என்று உறுதியானதும் "நன்" என்பதைக் "குவாரண்டைன்" ஆக்குங்கள். இனிப் பொய்க் கடிதம் ஸ்பாம் பெட்டிக்குப் போகும். இன்னும் சில கிழமை கழித்து "ரிஜெக்ட்". அப்போது அது வாசலிலேயே மறுக்கப்படும். பலர் "நன்" போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதனால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. பணம் கேட்டுக் கடிதம் எழுதும் எந்த அமைப்பும் "ரிஜெக்ட்" வரை போயே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புகிற எல்லோரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் எதிர்பார்க்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். உங்கள் கடிதங்கள் ஸ்பாமில் விழுகின்றன என்ற முறைப்பாடு பெரும்பாலும் இந்த வேலையோடு குறையும்.

வாங்கி வைத்து மின்னஞ்சலுக்குப் பாவிக்காத டொமைன் இருந்தால் அதற்கு அறிக்கை பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. எஸ்பிஎஃப்பில் ஒரு சேர்வரும் இல்லாமல் -ஆல், டிமார்க்கில் நேரே ரிஜெக்ட்.

ஒரே சேர்வரில் இருக்கும் அயலவர்

மலிவான ஹோஸ்டிங்கில் ஒரு சேர்வரில் நூற்றுக்கணக்கான டொமைன்கள் இருக்கும். எல்லோருக்கும் ஒரே ஐபி. உங்கள் எஸ்பிஎஃப் அந்த ஐபிக்கு அனுமதி கொடுக்கிறது. அதே சேர்வரில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவர் உங்கள் பெயரில் அனுப்பினால் எஸ்பிஎஃப் அதைப் பிடிக்காது. சேர்வர் கவனமில்லாமல் அமைக்கப்பட்டிருந்தால் உங்கள் டிகிம் கையொப்பத்தையும் போட்டு அனுப்பிவிடும். இதை உங்களால் டிஎன்எஸ்ஸில் தடுக்க முடியாது, ஹோஸ்டிங் நிறுவனம்தான் தடுக்க வேண்டும். அவர்களுக்கு இப்படி எழுதிக் கேளுங்கள்: "ஒரு கணக்கில் உள்நுழைந்தவர் தனக்குச் சொந்தமில்லாத டொமைனை அனுப்புநராக வைத்தால் உங்கள் சேர்வர் மறுக்கிறதா?" நேரான பதில் வராவிட்டால் மின்னஞ்சலை மட்டும் வேறு சேவைக்கு மாற்றுங்கள்.

இவை பிடிக்காதவை

உங்கள் டொமைன் போலவே ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனை ஒருவர் வாங்கினால் டிமார்க் தடுக்காது. முகவரி வேறாக இருந்து, பெயர் மட்டும் உங்கள் தலைவரின் பெயராக இருந்தாலும் தடுக்காது. கடவுச்சொல் போய்விட்டால் கள்ளன் உங்கள் பெட்டியிலிருந்தே அனுப்புவான், எல்லாச் சோதனையும் தேறும். ஆகவே எல்லாக் கணக்குகளிலும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். நன்கொடையாளர்களுக்கும் இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள்: வங்கிக் கணக்கு இலக்கம் மாறினால் மின்னஞ்சலில் மட்டும் சொல்ல மாட்டோம், தெரிந்த இலக்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம்.

யாராவது ஏற்கனவே பொய்க் கணக்குக்குக் காசு அனுப்பியிருந்தால் முதலில் அவரது வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே. பிறகு பொலிஸில் முறைப்பாடு. இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். வந்த பொய்க் கடிதத்தை அழிக்க விடாதீர்கள். "ஷோ ஒரிஜினல்" பக்கத்தில் உள்ள முழு எழுத்தையும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள், எந்தச் சேர்வரிலிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கும்.

இன்னுமொன்று. சங்க நிர்வாகம் பொதுக்கூட்டத்துக்குப் பொதுக்கூட்டம் மாறும். டொமைன் கணக்கு முந்தின செயலாளரின் சொந்த ஜிமெயிலில் இருக்கும், அவர் வெளிநாடு போயிருப்பார். டொமைன், டிஎன்எஸ், ஹோஸ்டிங் மூன்றும் எந்த நிறுவனத்தில், எந்த முகவரியில் திறக்கப்பட்டிருக்கின்றன, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதைக் கூட்டறிக்கைக் கொப்பியில் எழுதி, கடவுச்சொல்லைத் தனியாக இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். ஹோஸ்டிங்கை மாற்றும்போது எஸ்பிஎஃப்பில் புதிய சேர்வரைச் சேர்த்து, புதிய டிகிம் சாவியை ஒட்டி, சோதித்த பிறகு பழையவற்றை எடுத்துவிடுங்கள்.